பழைய ஒலி, புதிய தனிமை: ஒரு சைக்கெடெலிக் பாப் பாட்டைக் கேட்பது எப்படி?

ஸ்பாட்டிஃபையோ யூடியூபோ தானாக அடுத்த பாட்டுக்குத் தாவும்போது பலருக்கும் ஒரு குழப்பம் வருகிறது. டிரம்ஸ் 1967-இல் பதிவானது போல் கேட்கிறது. பாடுகிறவர் பீட்டில்ஸின் ஜான் லெனனை நினைவூட்டுகிறார். வெளியான ஆண்டைப் பார்த்தால் 2012 என்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டேம் இம்பாலா வெளியிட்ட ‘ஃபீல்ஸ் லைக் வீ ஒன்லி கோ பேக்வர்ட்ஸ்’ அப்படி ஒரு பாட்டு. அதைக் கேட்கிறவர்கள் இரண்டு விதமாகப் பிரிகிறார்கள். ஒரு தரப்பு “பீட்டில்ஸை நகல் எடுத்திருக்கிறார்கள்” என்று ஒதுக்குகிறது. இன்னொரு தரப்பு “ஆகா, அந்தக் காலத்து ஒலி!” என்று மயங்குகிறது. இரண்டு தரப்பும் பாட்டின் தோலோடு நின்றுவிடுகின்றன என்பது என் கட்சி.

ஒலி எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதைவிட, அந்த ஒலி பாட்டுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதே பெரிய கேள்வி. அதற்குப் பதில் தேட, அறுபதுகளின் ஸ்டூடியோக்களில் நடந்ததை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சைக்கெடெலிக் என்று எதைச் சொல்கிறோம்

கனடாவில் பணிபுரிந்த பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் 1950-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. எல்எஸ்டி போன்ற போதைப்பொருள்கள் மனத்தில் உண்டாக்கும் அனுபவத்துக்கு அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. எல்எஸ்டியை சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-இல் உருவாக்கினார். அதன் விளைவு 1943-இல்தான் அவருக்கே தெரிந்தது. 1960-களின் நடுவில் அது சான் பிரான்சிஸ்கோ, லண்டன், டெக்சாஸின் ஆஸ்டின் போன்ற ஊர்களின் இளைஞர்களிடம் பரவியது, அதோடு அந்தச் சொல்லும் ராக் இசைக்குள் வந்தது. ஆஸ்டினைச் சேர்ந்த தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழு 1966-இல் தன் முதல் ஆல்பத்தின் பெயரிலேயே அதைப் போட்டுக்கொண்டது.

போதைப்பொருளை உட்கொண்டு கேட்க வேண்டிய இசை என்று இதற்குப் பொருள் இல்லை. நேரம் இழுபடுவது, இடம் விரிவது, ‘நான்’ என்பதன் எல்லை கலங்குவது ஆகிய அனுபவங்களை ஒலியாலேயே கேட்பவருக்கு உண்டாக்கப் பார்க்கும் இசை என்று புரிந்துகொண்டால் போதும். தெளிந்த மூளையோடு கேட்டாலும் அது வேலை செய்யும், செய்ய வேண்டும். அதைச் சாத்தியமாக்கியவர்களில் பலர் மிகத் தெளிவாக இருந்தவர்கள். லண்டனின் ஈஎம்ஐ ஸ்டூடியோவில் கருவிகளைப் பராமரித்த தொழில்நுட்பர்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பதுபோல வெள்ளைக் கோட்டு அணிந்துதான் வேலை பார்த்தார்கள்.

‘பாப்’ என்ற ஒட்டுக்கும் காரணம் உண்டு. சைக்கெடெலிக் ராக் மேடையில் கால் மணி நேரம்கூடத் திரியலாம். சைக்கெடெலிக் பாப் மூன்று நிமிடப் பாட்டு. முணுமுணுக்கத் தக்க மெட்டு, திரும்பத் திரும்ப வரும் பல்லவி என எல்லாம் வழக்கப்படி இருக்கும், தரை மட்டும் லேசாக அசையும்.

அறுபதுகளின் கருவிப்பெட்டி

இந்த ஒலியை உண்டாக்கிய உத்திகளில் ஆறு முக்கியமானவை. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. மூன்றாவதையும் நான்காவதையும் பிடித்துக்கொண்டால் நம் பாட்டில் பாதி விளங்கிவிடும்.

1. டேப்பை வெட்டுவதும் திருப்புவதும். ஒலி காந்த நாடாவில் பதிவானதால், அதைக் கத்தரிக்கலாம், ஒட்டலாம், பின்னோக்கி ஓட்டலாம், வேகத்தை மாற்றலாம். பீட்டில்ஸ் ஏப்ரல் 1966-இல் பதிவுசெய்த ‘டுமாரோ நெவர் நோஸ்’ இதற்குப் பாடநூல் போன்றது. சின்னச் சின்ன டேப் வளையங்கள் ஒரே நேரத்தில் சுழல, அவற்றின் ஒலியைத் தேவைக்கு ஏற்ப ஏற்றியும் இறக்கியும் கலந்தார்கள். 1967-இன் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ இன்னும் துணிச்சலானது. சுருதியும் தாளகதியும் வெவ்வேறான இரண்டு பதிவுகளில், ஒன்றின் வேகத்தைக் கூட்டி மற்றதன் வேகத்தைக் குறைத்து, சுமார் ஒரு நிமிடம் கடந்த இடத்தில் ஒட்டினார்கள். அந்தப் பாட்டில் லெனன் அரைத்தூக்கத்தில் பாடுவதுபோல் தோன்ற இந்த வேக மாற்றமும் ஒரு காரணம்.

2. இரட்டைக் குரல். ஒரே வரியை ஒரே ஆள் இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் குரல் கனக்கும். இரண்டாம் முறை பாடுவது லெனனுக்கு எரிச்சல். அதனால் ஈஎம்ஐ தொழில்நுட்பர் கென் டவுன்சென்ட் 1966-இல் ஒரு வழி கண்டார். பதிவான குரலை இன்னொரு டேப் இயந்திரத்துக்கு அனுப்பி, நொடியின் சிறு பின்னம் அளவுக்குத் தாமதப்படுத்தி, மூலத்தோடு சேர்த்தார். இரண்டாவது இயந்திரத்தின் வேகத்தை லேசாக ஆட்டியதால், இன்னொருவர் கூடவே பாடுவது போன்ற மாயை கிடைத்தது. இதைச் செயற்கை இரட்டிப்பு என்கிறார்கள்.

3. ஃபேஸிங், ஃபிளாஞ்சிங். தலைக்கு மேல் ஜெட் விமானம் கடந்துபோவது போன்ற அந்த ‘ஷ்ஷ்வூ’ ஒலி. இதன் இயற்பியல் எளிமையானது. ஒரே ஒலியின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மிகச் சிறிதளவு தாமதப்படுத்திச் சேர்த்தால், சில அதிர்வெண்களில் ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். தாமதம் ஒரு மில்லிநொடி என்றால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். தாமதத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் பள்ளங்கள் மேலும் கீழும் நகரும். அந்த நகர்வுதான் காதில் சுழல்வதாகக் கேட்கிறது. அந்நாளில் இரண்டு டேப் இயந்திரங்களை ஒன்றாக ஓடவிட்டு, ஒன்றன் சக்கர விளிம்பை விரலால் லேசாக அழுத்தி வேகத்தைக் குறைப்பார்கள். லண்டனின் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் ஒலிப்பொறியாளர் ஜார்ஜ் சியாண்ட்ஸின் கைவண்ணத்தில் 1967-இல் வந்த ஸ்மால் ஃபேசஸின் ‘இச்சிகூ பார்க்’ இதைப் பட்டிதொட்டிக்குக் கொண்டுபோனது. அதில் டிரம்ஸ் உருளும் இடங்களைக் கவனியுங்கள், வானமே சாய்வதுபோல் இருக்கும். பிறகு மின்சுற்றுகளால் இதே விளைவைத் தரும் சிறிய பெட்டிகள் வந்தன. காலால் மிதித்து இயக்கும் அவற்றுக்கு ஃபேசர் என்று பெயர். டேப் முறைக்கும் இதற்கும் பள்ளங்கள் விழும் அமைப்பில் வேறுபாடு உண்டு. கேட்கிறவருக்கு இரண்டும் ஒரே குடும்பம்தான்.

4. நசுக்கிய டிரம்ஸ். கம்ப்ரஷன் என்பது உரத்த ஒலியைத் தானாகக் குறைத்து, சன்ன ஒலியை மேலே கொண்டுவரும் உத்தி. அளவோடு போட்டால் யாருக்கும் தெரியாது. அளவு மீறினால், அடி விழுந்த கணத்தில் ஒலி அமுங்கி, அடுத்த கணம் சிம்பல் என்ற உலோகத் தட்டின் அதிர்வும் அறையின் எதிரொலியும் பொங்கி எழும். டிரம்ஸ் மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். ‘டுமாரோ நெவர் நோஸ்’ பதிவில் அப்போது 20 வயதே ஆகியிருந்த ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக், ரிங்கோ ஸ்டாரின் பெரிய டிரம்முக்குள் கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை விதிகள் அனுமதித்ததைவிட நெருக்கமாக வைத்து, ஃபேர்சைல்ட் லிமிட்டர் என்ற கம்ப்ரஷன் கருவி வழியாக ஒலியைப் பிழிந்து எடுத்தார். இன்றுவரை ‘சைக்கெடெலிக் டிரம்ஸ்’ என்றால் பலர் மனத்தில் ஒலிப்பது அந்த ஒரு இரவின் சூழ்ச்சிதான்.

5. சுருதி. மேற்கத்திய பாப், கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) மாற்றங்களை வைத்தே கதை சொல்லும். அறுபதுகளின் நடுவில் அது நகராமல் நிற்கக் கற்றுக்கொண்டது. பிரிட்டனின் கிங்க்ஸ் குழுப் பாடகர் ரே டேவிஸ் 1965-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் பம்பாயில் மீனவர்கள் பாடியதைக் கேட்டார். அதன் சாயல் அவர் குழுவின் ‘சீ மை ஃபிரெண்ட்ஸ்’ பாட்டில் உண்டு. அதே ஆண்டின் இறுதியில் ஜார்ஜ் ஹாரிசன் பீட்டில்ஸ் பாட்டொன்றில் சிதார் வாசித்தார், மறு ஆண்டு ரவிசங்கரிடம் பாடம் கேட்கப் போனார். ‘டுமாரோ நெவர் நோஸ்’ முழுக்கவும் கிட்டத்தட்ட ஒரே கார்டு, கூடவே தம்பூரா. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இதில் வியப்பு இருக்காது. ஆனால் ரேடியோவில் மூன்று நிமிடப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த லிவர்பூல் பையனுக்கு, காலம் நின்றுபோனது மாதிரி இருந்திருக்கும்.

6. மெல்லோட்ரான். இது ஒரு விசைப்பலகைக் கருவி. ஒவ்வொரு விசைக்குக் கீழும் புல்லாங்குழல், வயலின் போன்றவற்றின் சில நொடிப் பதிவைத் தாங்கிய டேப் துண்டு. பர்மிங்ஹாமில் தயாரானது. ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ தொடக்கத்தில் வரும் நடுங்கும் குழல் அதுதான்.

பற்றாக்குறை செய்த உதவி

இந்த உத்திகள் எல்லாம் வசதியில் பிறந்தவை அல்ல. 1967-இன் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பம்கூட நான்கு டிராக் இயந்திரங்களில்தான் உருவானது. நான்கு டிராக் என்றால் நான்கு தனித் தடங்கள், அவ்வளவுதான். அவை நிரம்பியதும், எல்லாவற்றையும் கலந்து இன்னொரு இயந்திரத்தின் ஓரிரு தடங்களுக்கு மாற்றி, காலியான இடத்தில் மேற்கொண்டு பதிவுசெய்வார்கள். கலந்ததைப் பிரிக்க முடியாது. டிரம்ஸை நசுக்கி, பேஸ் கிட்டாரோடு சேர்த்துவிட்டால் அது அப்படியேதான் கிடக்கும்.

இதன் விளைவு இரண்டு. முதலாவதாக, ஒவ்வொரு மாற்றும் டேப்பின் இரைச்சலையும் மங்கலையும் கொஞ்சம் கூட்டியது. அந்த மங்கலைத்தான் இன்று ‘வெதுவெதுப்பான ஒலி’ என்று பாராட்டுகிறோம். இரண்டாவதாக, முடிவுகளை உடனே எடுத்தே ஆக வேண்டும். ஒலி விளைவு என்பது பாட்டு முடிந்த பிறகு மேலே தூவும் பொருளாக இல்லை, இசையமைப்பின் பகுதியாகவே ஆனது.

இன்றைக்கு இவை எல்லாம் மென்பொருள். டவுன்சென்ட் கண்ட செயற்கை இரட்டிப்பையே, அந்த ஈஎம்ஐ ஸ்டூடியோவின் இன்றைய பெயரான ஏபி ரோடு பெயரோடு ஒரு நிறுவனம் விற்கிறது. பொத்தானை அழுத்தினால் 1966 வந்துவிடும், பிடிக்கவில்லையா, இன்னொரு பொத்தானால் அழித்துவிடலாம். இங்கேதான் நவீன சைக்கெடெலிக் பாப்பின் பெரிய சிக்கல் இருக்கிறது. அலங்காரம் மலிவாகிவிட்டதால், ஏன் அலங்கரிக்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத பாட்டுகள் குவிந்துவிட்டன. அழகான ஃபேசர், அருமையான டிரம்ஸ், பழைய கால எழுத்துருவில் அட்டைப்படம், உள்ளே போனால் பாட்டு இல்லை.

அறுபதுகளை மறுபடி மறுபடி தோண்டுவதும் புதிதல்ல. 1980-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் பெய்ஸ்லி அண்டர்கிரவுண்ட் என்ற அலை வந்தது. 1985-இல் எக்ஸ்டிசி குழு வேறு பெயரில் ஒளிந்துகொண்டு, 1967-இல் வந்தது போன்ற இசைத்தட்டை விளையாட்டாக வெளியிட்டது. 1990-களில் எலிஃபன்ட் சிக்ஸ் என்ற அமெரிக்க இசைக் கூட்டத்தார் வந்தார்கள். நம் கதைக்கு நேரடியாக வேண்டியவர் டேவ் ஃப்ரிட்மன். மெர்க்குரி ரெவ் குழுவைச் சேர்ந்தவர், நியூயார்க் மாநிலத்தில் டார்பாக்ஸ் ரோடு என்ற ஸ்டூடியோ நடத்துபவர். ஃப்ளேமிங் லிப்ஸின் 1999 ஆல்பம், எம்ஜிஎம்டியின் 2007 ஆல்பம் இரண்டிலும் அவர் கை இருக்கிறது. டேம் இம்பாலாவின் முதல் இரண்டு ஆல்பங்களுக்கும் மிக்ஸிங் (தனித்தனிப் பதிவுகளைக் கலந்து இறுதி வடிவம் தருவது) செய்தவர் அவர்தான்.

குழு என்று சொல்லப்படும் ஒரே ஆள்

டேம் இம்பாலா மேடையில் ஒரு குழு. ஸ்டூடியோவில் கெவின் பார்க்கர் என்ற ஒரே மனிதர். 1986-இல் பிறந்தவர், மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வளர்ந்தவர். அடுத்த பெருநகரமான அடிலெய்டுக்கே 2000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய ஊர் அது. டிரம்ஸ், பேஸ், கிட்டார், சின்தசைசர், குரல் என்று பெரும்பாலும் எல்லாவற்றையும் அவரே வாசித்துப் பதிவுசெய்கிறார். 2012 அக்டோபரில் வந்த இரண்டாம் ஆல்பத்துக்கு ‘லோனரிசம்’ என்றே பெயர், தனியனாக இருப்பதை ஒரு கொள்கைபோல் சொல்லும் பெயர். அதன் ஓரிரு பாட்டுகளில் நண்பர் ஜே வாட்சனின் பங்கும் உண்டு. ‘ஃபீல்ஸ் லைக்…’ பார்க்கர் மட்டுமே எழுதியது. ஆல்பம் பெர்த்திலும் பாரிசிலும் பதிவானது. அட்டைப்படம் பாரிசின் லக்ஸம்பர்க் பூங்கா. உள்ளே மக்கள் இளைப்பாறிக்கொண்டிருக்க, படம் எடுத்தவர் இரும்பு வேலிக்கு வெளியே நிற்கிறார்.

சரி, பாட்டுக்கு வருவோம். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் இந்தப் பாட்டின் பாதி காணாமல்போகும்.

1. முதலில் பேஸ் கிட்டாரை மட்டும் கேளுங்கள். பெரும்பாலான பாப் பாட்டுகளில் பேஸ் கார்டுகளின் அடிக்கல்லாக ஓரிடத்தில் நிற்கும். இங்கே அது ஓயாமல் நடக்கிறது, தனக்கென ஒரு மெட்டு வைத்திருக்கிறது. பீட்டில்ஸில் பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னியிடம், அவரது 1966-67 காலத்து வாசிப்பிலிருந்து கற்ற பழக்கம். குரலை எடுத்துவிட்டு இதை மட்டும் வைத்தாலும் ஒரு பாட்டு மிஞ்சும்.

2. அடுத்து டிரம்ஸ். மேலே நான்காவது உத்தியாகச் சொன்ன நசுக்கல் முழு வீச்சில் இருக்கிறது. சிம்பல்கள் அடித்ததும் தெறிக்காமல், அடித்த பிறகு வீங்குகின்றன. வரிகளுக்கு இடையே டாம் டிரம்கள் உருளும் விதம் ரிங்கோ வழி. ஆனால் அடியின் கனமும் அது திரும்பத் திரும்ப ஓட்டப்படும் ஒரே துண்டு (லூப்) போல் சுழலும் தன்மையும் அறுபதுகளில் இல்லாதவை. ஹிப்ஹாப் கேட்டு வளர்ந்த தலைமுறையின் கை அது. நகல் என்று சொல்கிறவர்கள் தவறவிடும் இடங்களில் இது ஒன்று.

3. கடைசியாகக் குரல். பார்க்கர் மேல்ஸ்தாயியில், மெல்லிசாகப் பாடுகிறார். குரல் இரட்டிக்கப்பட்டு, எதிரொலியில் நனைக்கப்பட்டு, கருவிகளுக்கு நடுவே அமிழ்த்தப்பட்டிருக்கிறது. தமிழ்த் திரைப்பாடல்களில் குரல்தான் எஜமான், மற்றதெல்லாம் பின்னால் நிற்கும். அந்தப் பழக்கத்தோடு இதைக் கேட்டால் “மிக்ஸிங் சரியில்லையோ” என்று தோன்றும். வேண்டுமென்றே செய்தது. இந்த ஆள் நம்மிடம் பேசவில்லை, அவர் தலைக்குள் ஓடுவது நம் காதில் விழுகிறது.

திசை திரும்பிய ஒலி

இப்போது வரிகள். பாட்டு கிட்டத்தட்ட எடுத்த எடுப்பில் பல்லவிக்குள் இறங்குகிறது. பின்னோக்கியே போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது, உடம்பின் ஒவ்வொரு பகுதியும் முன்னே போ என்கிறது, மறுபடியும் நம்பிக்கை வைத்துவிட்டேன், ஐயோ மறுபடியுமா என்பதுதான் சாரம். கைகூடாத உறவில் திரும்பத் திரும்பப் போய் விழுகிறவனின் புலம்பல். பொருளில் பெரிய புதுமை எதுவும் இல்லை. அமைப்பில் இருக்கிறது.

பல்லவியின் முதல் வரி ‘நான்’ பின்னே போவதாகச் சொல்கிறது. முடிக்கும்போது ‘நாம்’ பின்னே போவதாக மாறுகிறது. அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று நமக்குத் தெரியவே தெரியாது. ‘நாம்’ என்பதை அவன் தனியாகவே சொல்லிக்கொள்கிறான். இரண்டாம் சரணத்தில் இன்னொரு நுணுக்கம். முடிவெடுக்க முடியாத தடுமாற்றத்துக்கு நான் காரணமில்லை, நான் எப்போதோ முடிவெடுத்துவிட்டேன் என்று தொடங்கும் அந்தச் சரணம், உண்மையான ஒன்றை அடையப் பாடுபடும்போது இப்படித்தான் ஆகிறது என்று வந்து, பல்லவியின் முதல் சொற்களிலேயே கால் வைத்துவிடுகிறது. எங்கே சரணம் முடிந்தது, எங்கே பல்லவி தொடங்கியது என்று சொல்ல முடியாது. தப்பித்து வெளியே வருவதாக நினைத்தவன் மறுபடி அதே வட்டத்துக்குள் நிற்கிறான். நம்முடைய அந்தாதியை அறிந்தவர்கள் இந்தக் கொக்கியை உடனே அடையாளம் காண்பார்கள்.

இந்த இடத்தில் ஒலிக்கும் பொருளுக்கும் முடிச்சு விழுகிறது. சுழலும் விளைவுகள், வட்டமாக ஓடும் டிரம்ஸ், முடிவில்லாமல் நடந்தும் எங்கும் போய்ச்சேராத பேஸ் எல்லாம் பின்னோக்கிப் போகிற மனத்தின் அசைவு. 2012-இல் உட்கார்ந்து 1967-இன் ஒலியில் பாடுவதே பின்னோக்கிப் போவதுதானே! பழைய ஒலி இங்கே அலங்காரமாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, பாட்டின் வாதமே அதுதான்.

அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. அறுபதுகளின் சைக்கெடெலிக் இசை பெரும்பாலும் கூட்டத்தின் இசை. 1967 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் பல்லாயிரம் இளைஞர்கள் திரண்டார்கள். எல்லைகள் கரைந்தால் நாம் எல்லோரும் ஒன்றாகலாம் என்பது அந்தக் காலத்தின் கனவு. ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டில் தன் குரல் மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோல் வேண்டும் என்று லெனன் கேட்டார். எமரிக் அந்தக் குரலை, ஆர்கனுக்காக உண்டான சுழலும் லெஸ்லி ஸ்பீக்கருக்குள் செலுத்தினார். உலகத்துக்கே ஏதோ சொல்லும் தொனி அது. பார்க்கர் அதே கருவிப்பெட்டியை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே போக முடியாத ஒருவனின் தலைக்குள்ளே திருப்பிவிடுகிறார். எதிரொலி இங்கே வானத்தின் பரப்பைக் காட்டவில்லை, பக்கத்தில் ஆள் இல்லாத அறையைக் காட்டுகிறது. இரட்டைக் குரலில் கூடவே பாடுகிறவரும் அவரேதான்.

அறுபதுகளில் தனிமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் சிட் பாரெட் எழுதிய பாட்டுகளில் அது கொட்டிக் கிடக்கிறது. படுக்கையை விட்டு எழ மறுக்கும் லெனனின் ஒரு பாட்டும் ‘ரிவால்வர்’ ஆல்பத்தில் இருக்கிறது, அதில் கிட்டார் பின்னோக்கியே ஓடுகிறது. பார்க்கர் அந்த மெல்லிய இழையைப் பிடித்து ஒரு முழு ஆல்பமாக நெய்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

காணொளியும் இதே வழியில் போகிறது. பெக்கி ஸ்லோன், ஜோ பெல்லிங் இருவரும் வண்ணப் பிளாஸ்டிசின் களிமண்ணில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சித்திரங்களைக் கையால் செய்து ஒவ்வொன்றாகப் படமெடுத்தார்கள். உருவங்கள் உருகி உருகி வேறாகிக்கொண்டே இருக்கின்றன. கணினியில் சில நாள்களில் முடிக்கக்கூடிய வேலைக்கு இவ்வளவு கைப்பாடு எதற்கு என்று கேட்கலாம். விரல் பட்ட சீரின்மை கண்ணுக்குத் தெரிகிறதே, அதற்குத்தான்.

எது திருட்டு, எது இல்லை

‘நகல்’ என்ற குற்றச்சாட்டுக்குச் சட்டரீதியாக என்ன பொருள் என்பதையும் பார்த்துவிடலாம். இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்துபோகின்றன.

1. மெட்டும் வரிகளும். இவை பாட்டின் உடைமை. அடையாளம் காணும் அளவுக்கு எடுத்தால் வழக்கு வரும்.

2. பதிவு. ரிங்கோ வாசித்த டிரம்ஸை அந்த இசைத்தட்டிலிருந்தே வெட்டி ஒட்ட அனுமதி வேண்டும். ஆனால் ஸ்வெட்டர் திணித்து, கம்ப்ரஷன் போட்டு, அதே மாதிரி ஒலியை நீங்களே புதிதாக உருவாக்கினால் அமெரிக்கச் சட்டம் அதைத் தடுக்காது. பதிவுக்கான உரிமை அந்தப் பதிவோடு நின்றுவிடுகிறது.

3. பாணி. ஃபேசர், தம்பூரா, இரட்டைக் குரல், ‘அந்தக் காலத்து உணர்வு’ ஆகியவற்றுக்கு உரிமையாளர் யாரும் இல்லை என்பதே நெடுங்காலப் புரிதல்.

மூன்றாவதில்தான் குழப்பம் வந்தது. 2013-இல் வந்த ‘பிளர்ட் லைன்ஸ்’ பாட்டு மார்வின் கேயின் 1977 பாட்டை மீறியது என்று 2015-இல் அமெரிக்க ஜூரி தீர்ப்பளித்து சுமார் 74 லட்சம் டாலர் விதித்தது. பிறகு தொகை குறைந்தாலும், 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவை உறுதிசெய்தது. ஒரு பாட்டின் சூழலையும் உணர்வையும் பின்பற்றியதற்கே தண்டனையா என்று இசைக்கலைஞர்கள் மிரண்டார்கள். பழைய பாணியில் இயங்கும் யாருக்கும் இது வயிற்றைக் கலக்கும் செய்தி. 2020-இல் காற்று கொஞ்சம் திசை மாறியது. ஸ்பிரிட் குழுவின் 1968 இசைத்துண்டிலிருந்து லெட் செப்பெலின் தன் புகழ்பெற்ற பாட்டின் தொடக்கத்தை எடுத்தது என்ற வழக்கில், அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிந்த அமர்வு லெட் செப்பெலின் பக்கம் நின்றது. எல்லோருக்கும் பொதுவான இசைக் கட்டுமானத் துண்டுகளை ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்ற நிலை வலுப்பெற்றது.

சட்டப்படி திருட்டு இல்லை என்பதாலேயே ஒரு பாட்டு நன்றாகிவிடாது. 2014-இல் முதல் ஆல்பம் வெளியிட்ட இங்கிலாந்தின் டெம்பிள்ஸ் குழுவைக் கேளுங்கள். அறுபதுகளின் ஒலியை மீட்பதில் அவர்கள் பார்க்கரைவிட நேர்த்தியானவர்கள். மெட்டுகளும் இனிமையானவை. ஆனாலும் அந்த ஆல்பத்தில் ஒலி எதற்காக அப்படி இருக்கிறது என்ற கேள்விக்குப் பல இடங்களில் எனக்கு விடை கிடைக்கவில்லை. மாறுபட்டு நினைக்கிறவர்கள் ஏராளம், அவர்கள் காதும் காதுதான்.

பிறகு பார்க்கர் எங்கே போனார்

‘லோனரிசம்’ 2013-இல் ஆஸ்திரேலியாவின் ஏரியா (ARIA) இசை விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்வானது, 2014 கிராமி விருதுகளில் பரிந்துரை பெற்றது. அதே சூத்திரத்தை இன்னும் பத்து வருடம் ஓட்டியிருக்கலாம். 2015-இல் வந்த ‘கரன்ட்ஸ்’ ஆல்பத்தில் கிட்டார் பின்னுக்குப் போய், சின்தசைசரும் டிஸ்கோ தாளமும் முன்னுக்கு வந்தன. மிக்ஸிங்கையும் ஃப்ரிட்மனிடம் கொடுக்காமல் தானே செய்தார். அறுபதுகளின் ஒலிக்காகவே வந்த ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அந்த ஆல்பத்தின் ஒரு பாட்டு பின்னாளில் ஸ்பாட்டிஃபையில் 100 கோடி முறைக்கு மேல் கேட்கப்பட்டது. 2025-இல் வந்த ‘டெட்பீட்’ நடன இசையின் பக்கம் இன்னும் நகர்ந்துவிட்டது. ஆனால் ஃபேசரின் சுழலும், அமிழ்ந்த குரலும், தன்னோடே பேசிக்கொள்ளும் வரிகளும் ‘கரன்ட்ஸ்’ ஆல்பத்திலும் அவரை விட்டுப் போகவில்லை.

‘கரன்ட்ஸ்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டை 2016-இல் ரிஹானா தன் ஆல்பத்தில் எடுத்துப் பாடினார். பெரிய நட்சத்திரங்கள் பிறர் பாட்டைத் தொட்டால் வழக்கமாக முழுசாக மாற்றிவிடுவார்கள். அவர் பின்னணி இசையைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொண்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் முக்கியமான வேறுபாடு ஒன்றுதான்: பார்க்கர் கருவிகளுக்குள் புதைத்து வைத்திருந்த குரல், ரிஹானாவிடம் முன்னால் வந்து நிற்கிறது.